அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடும் முன்: ஒரு வக்கீலிடம் கேள்வி பதில்

வாடகை, வேலை, வீடு என்று யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் முன் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேளச்சேரியில் வீடு, வாடகை 15,000. ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பாராம். சரியா சார்?

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. எல்லாரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்று அதே பிரிவில் ஒரு வால் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்த வாலை நீங்களே பிடித்துக் கொடுத்த மாதிரி. அதனால் பேரம் பேச வேண்டியது இப்போதுதான். காலி செய்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு, அதை அக்ரிமென்ட்டிலும் எழுதச் சொல்லுங்கள். எட்டு மாதம் இருந்தாலும் எட்டு வருஷம் இருந்தாலும் பெயின்ட்டுக்கு ஒரே தொகை என்றால் அதற்குப் பெயர் கூடுதல் வாடகை. ஆன செலவுக்குப் பில் காட்டிப் பிடிக்கட்டும் என்று மாற்றக் கேளுங்கள். பாதி ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள், யாரோ டைப் செய்து கொடுத்ததை அவர்களும் படித்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: கோவையில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷ பாண்ட், இடையில் விலகினால் 2 லட்சம், ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், விலகிய பிறகு ஒரு வருஷம் போட்டி கம்பெனியில் சேரக் கூடாது.

கடைசியில் சொன்னதற்குப் பயப்பட வேண்டாம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேராதே என்று தடுப்பது செல்லாது. ஆனால் பாண்ட் மொத்தமும் வெத்துக் காகிதம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் சொல்லிவிட்டது. அங்கே ஆள் எடுக்க வங்கிக்கு ஆகும் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கம்பெனி என்ன பயிற்சி தருகிறது, அதற்கு எவ்வளவு செலவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சர்டிபிகேட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு ஜெராக்ஸ் கொடுங்கள். செல்லுமா செல்லாதா என்று கோர்ட் சொல்வதற்குள் உங்கள் டிகிரி அவர்கள் பீரோவில் இருக்கும், அடுத்த இன்டர்வியூவுக்கு எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்?

கேள்வி: ஃபிளாட் வாங்குகிறோம். நாங்கள் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. பில்டர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் தருவாராம். நல்ல தொகைதானே?

கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடி என்றால் மாதம் 5,000 ரூபாய். நீங்கள் 60 லட்சம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அவர் உங்களிடம் கேட்கும் அதே 18 சதவீதத்தை அந்தப் பணத்துக்குப் போட்டால் மாதம் 90,000! நான் எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் முதலில் செய்வது இதுதான், பெயர்களை இடம் மாற்றிப் போட்டு அதே வரியைப் படிப்பேன். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி இரண்டு பக்கமும் ஒரே வட்டிதான். 2019-இல் பயோனியர் என்ற பில்டரின் வழக்கிலும் இப்படிப்பட்ட ஒருதலைப்பட்சமான ஷரத்துகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம், ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

கேள்வி: வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா?

மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் வாங்கிய வீட்டுக் கடன் என்றால் கிடையாது, ரிசர்வ் வங்கி உத்தரவு. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஜிம்மில் ஒரு வருஷப் பணம் கட்டிவிட்டேன். எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது, ஆனால் நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது, காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ரத்து செய்துகொள்வது அதில் வரும். அப்படிப்பட்ட புகார் மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, நேரே மாநில ஆணையம்தான். சில ஆயிரம் ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைவீர்களா? ஜிம்காரருக்கும் அது தெரியும். அதனால் முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: தொகை எழுதாமல் காலியாக விட்ட இடத்தைப் பிறகு நிரப்பிக்கொள்கிறோம் என்கிறார்கள். போடலாமா?

அப்படியே போடாதீர்கள். உங்கள் பேனாவாலேயே அந்த இடத்தில் கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.