ஆரஞ்சு நிறக் கேபிள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த என் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. மெக்கானிக் வேலையாவது பழகட்டும் என்று பார்க்கிறேன். கோவையில் ஒரு பயிற்சி நிலையத்தார் மின்சார வண்டி, பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி ஆகியவற்றின் பழுதுநீக்கத்தை 3 மாதத்தில் கற்றுத்தருவதாகச் சொல்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் 2 வருடம். பொறியியலுக்கு அத்தனை வருடம் தேவையில்லை என்று ஜி.டி.நாயுடுவே சொன்னாராமே, 3 மாதம் போதாதா? அவனுக்கு ஆங்கிலமும் வராது. பெட்ரோல் வண்டி ஒழிந்துவிடுமா?

ப., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ப.,

பெட்ரோல் வண்டி ஒழியுமா என்ற கவலையை விடுங்கள். உங்கள் மகன் கடை போடும் காலத்தில் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கிலமும் தடையல்ல. பழுதைக் காட்டும் ஸ்கேனர் கருவியின் திரையில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் வேலை செய்கிறவனுக்குத் தாமாகவே பழகிவிடும். என்னை உறுத்துவது உங்கள் முதல் வரி. படிப்பு ஏறாதவனைத் தள்ளிவிடும் இடம் பட்டறை என்று உங்களுக்கு யார் சொன்னது?

என் தாய்மாமன் கோவை கணபதிப் பகுதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எரிந்துபோன கிணற்று மோட்டார்கள் வரும். காயிலை வெட்டி எடுக்குமுன் ஸ்லாட்டுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், இணைப்பு எந்த வரிசை என்று எண்ணி அளந்து, பிசுக்கேறிய ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அவசரப்பட்டுக் கட்டரை எடுத்த என்னிடம், "எண்ணிப்போட்டு வெட்டோணும் கண்ணு" என்பார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் அவர். அந்த நோட்டைப் படிப்பில்லை என்பீர்களா? 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் கோவை. மின்சாரக் காரில் சுழல்வதும் பெரும்பாலும் அதே மூன்று பேஸ் சுற்றுத்தான். சுழலும் பகுதியான ரோட்டரில் நிலைக்காந்தம் சேர்ந்திருக்கும், பேட்டரியின் டி.சி.யை இன்வெர்ட்டர் ஏ.சி.யாக மாற்றிக் கொடுக்கும். ஆகவே நம் பக்கத்துப் பையன் இந்தத் தொழிலுக்கு அந்நியனாகப் போகவில்லை.

ஆனால் மாமாவின் ஒரு பழக்கம் அவனுக்கு ஆகாது. பியூஸைப் பிடுங்கினால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கைவைப்பார் அவர். காரில் சாவியை அணைத்தாலும் பேட்டரிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடும், டி.சி.யில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்பதால்தான் அந்த உயர் வோல்டேஜைக் கொண்டுபோகும் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிறம். சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றுக் கசிகிறதா என்று பார்த்து அணிந்து, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, வேறொருவன் மாட்டிவிடாதபடி தன் பையிலேயே வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடியத் தயாரிப்பாளர் சொன்ன 5 அல்லது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு மீட்டரை வோல்டேஜ் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, கேபிள் முனையில் பூஜ்யம் என்று கண்டு, மறுபடியும் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை எதற்கு என்று கேட்பீர்கள். இடையில் மீட்டரே செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்! ஹைப்ரிட்டில் இன்னொரு தொல்லை: சத்தமில்லாமல் நிற்கும் வண்டியில் ரெடி விளக்கு எரிந்தால், பானெட்டுக்குள் கை இருக்கும்போதே என்ஜின் தானாகக் கிளம்பும்.

இதைப் புரஜெக்டரில் ஒருமுறை பார்த்தவனுக்குச் சான்றிதழ் கொடுப்பது அநியாயம். பசியோடு இருந்தாலும், கஸ்டமர் அவசரப்படுத்தினாலும் ஒரு படியைக்கூட விடாத அளவுக்குக் கைக்குப் பழக வேண்டும். ஜி.டி.நாயுடுவைத் துணைக்கு இழுக்காதீர்கள். மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துக் கற்றவர் அவர். வருடத்தைக் குறைக்கச் சொன்னாரே தவிர, கைவேலையைக் குறைக்கச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் ஐ.டி.ஐ. என்பேன். டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்தியிருக்கிறார்கள், அங்கும் புதிதாக வந்த கருவிகளைப் பையன்கள் தொடுகிறார்களா, கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். கோவை நிலையத்துக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடும் நிலையில் எத்தனை வண்டி இருக்கிறது, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், கையுறைகளை 6 மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று அவனே கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். வண்டியைக் காட்டாமல் சான்றிதழின் மாதிரியை எடுத்து நீட்டினால், கட்டணம் கட்டாமல் அடுத்த பஸ்ஸில் கோபிக்குத் திரும்பிவிடுங்கள்.