பினியன் சீல் மாற்றியபின் டிஃபரன்ஷியலில் என்ன பார்ப்பது?
டிஃபரன்ஷியலுக்குள் பினியன் தண்டு நுழையும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலை மாற்றிவிட்டீர்கள், ஒழுகிய நாட்களில் எண்ணெய் குறைந்து உள்ளே தேய்ந்திருக்குமோ என்பதுதானே கவலை? வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்து, அதில் மாவு போன்ற பசை ஒட்டியிருந்தால் சரி, பயமில்லை. சில்லுசில்லாக உலோகம் வந்தால் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு அதைவிடச் சந்தேகம், சீல் மாற்றக் கழற்றி மீண்டும் பூட்டிய பினியன் நட்டின் மேல்தான். கிரஷ் ஸ்லீவ் (நட்டை முறுக்கும்போது நசுங்கிப் பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் குழாய்) உள்ள வகையில் நட்டை அதிகமாக முறுக்கினால் பேரிங் இறுகிச் சூடேறும். தளர்வாக விட்டால் பினியன் ஆடும். டிரைவ் ஷாஃப்ட் இணையும் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், ஆட்டமே இருக்கக் கூடாது. சுற்றும்போது தெரியும் சிறு பல் இடைவெளி வேறு விஷயம், அது இருக்கும்.

அப்புறம் பிரீதர், அதாவது டிஃபரன்ஷியலின் காற்றுத் துளை! அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலும் ஒழுகும்.