சிறியவன் சிறியவனாகவே இருக்கட்டும்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே உயரம் குறைந்தவன். நாலு பேர் முன்னால் பேசத் தயங்குவான். அவனைப் போன்ற சிறியவன் ஒருவன் வீரனாகிற மாயக்கதை நாவல் ஒன்றைப் பரிந்துரைக்க முடியுமா? மந்திரவாதி, டிராகன் என்று படித்தால் பிள்ளைக்கு என்ன பயன், தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றை வாங்கிக் கொடு என்கிறார் என் மாமனார். படமாக வந்திருப்பதைக் காட்டிவிட்டால் போதாதா என்கிறார் என் கணவர்.
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' நாவலை வாங்குங்கள். 1937 செப்டம்பரில் லண்டனில் வெளிவந்த இந்த நூலுக்கு முன்னும் பின்னும் சிறியவர்கள் வீரர்களாகும் கதைகள் எத்தனையோ எழுதப்பட்டிருக்கின்றன. ஆனாலும் உங்கள் மகனின் வயதுக்கும், நீங்கள் சொல்லும் அவன் இயல்புக்கும் நான் தயக்கமின்றி எடுத்துக் கொடுக்கக்கூடிய புத்தகம் இதுதான். அதற்கு நான் வைத்திருக்கும் காரணம் நீங்கள் எதிர்பார்க்கும் காரணம் அன்று என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறியவன் வீரனாகிற கதை வேண்டும் என்கிறீர்கள். அப்படிப்பட்ட கதைகளில் பலவற்றில், சிறியவனாகத் தொடங்குபவன் உண்மையில் ஒரு நாட்டின் இளவரசன் என்றோ, வேறு எவருக்கும் இல்லாத ஒரு சக்தி அவனுக்குள் உறங்கிக்கொண்டிருந்தது என்றோ முடிவில் தெரியவரும். அதைப் படிக்கிற சிறுவன், சிறியவனாக இருப்பது ஒரு குறை, அந்தக் குறை நீங்கிய பிறகுதான் தன்னை மதிப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. டோல்கீன் அந்த வழியில் போகவில்லை. அவருடைய நாயகர் பில்போ பேகின்ஸ் முதல் பக்கத்திலும் சிறியவர், கடைசிப் பக்கத்திலும் சிறியவர். இவ்வளவு பெரிய உலகத்தில் நீ மிகச் சிறிய ஆள்தான் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் கடைசியில் நினைவூட்டும்போது, அப்படி இருப்பதே நல்லது என்று பில்போ மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார். இந்த நாவலை நான் முதலிடத்தில் வைப்பது இதனால்தான்.

பில்போ சிறுவனும் அல்லர். ஐம்பது வயதை ஒட்டியவர். ஹாபிட் என்ற கற்பனை இனத்தவர்; மனிதரில் பாதி உயரம். ரோமம் அடர்ந்த பாதங்களில் செருப்பே அணியாதவர். குன்றைக் குடைந்து கட்டிய வட்டக்கதவு வீட்டில், வேளை தவறாமல் உண்டு, ஊரார் மெச்ச வாழ்கிறவர். அவர் வீட்டுக்கு ஒரு நாள் 13 குள்ளர்கள் தேநீருக்கு வந்து இறங்குகிறார்கள். அவர்களுடைய முன்னோரின் மலையையும் புதையலையும் ஸ்மௌக் என்ற டிராகன் பிடித்து வைத்திருக்கிறது. அதை மீட்கப் போகும் குழுவில் 13 பேர் என்பது ராசியில்லாத எண் என்பதாலும், ஓசைப்படாமல் உள்ளே நுழைய ஓர் ஆள் தேவை என்பதாலும், கேண்டால்ஃப் பில்போவைப் பதினான்காவது ஆளாகச் சேர்த்துவிடுகிறார். ஊதியம், கிடைக்கும் லாபத்தில் 14-ல் ஒரு பங்கு. மறுநாள் காலையில் தொப்பியும் கைத்தடியும் பணமும் கைக்குட்டையும் இல்லாமல் அவர் வீட்டைவிட்டு ஓடிவருகிற இடத்தில் எந்தப் பிள்ளையும் கதைக்குள் வந்துவிடும்.

உங்கள் மகன் மனத்தில் தங்க வேண்டும் என்று நான் விரும்பும் இடம் பின்னால் வருகிறது. மலைக்குள் செல்லும் சுரங்கப்பாதையில் பில்போ தனியாக இறங்குகிறார். உடன் வந்த வீரர்களில் ஒருவர் மட்டும் சிறிது தூரம் துணைக்கு வந்து நின்றுவிடுகிறார். எதிரே சிவந்த வெளிச்சம் கூடிக்கொண்டே வருகிறது. ஏதோ ஒரு பெரிய மிருகம் உறக்கத்தில் விடும் குறட்டை கேட்கிறது. அந்த இடத்தில் பில்போ நின்றுவிடுகிறார். பிறகு மறுபடியும் நடக்கிறார். அவர் வாழ்நாளில் செய்த மிகத் துணிச்சலான செயல் அதுதான் என்றும், பின்னால் நடந்தவை எல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை என்றும் டோல்கீன் அங்கே நேரடியாகவே எழுதுகிறார். டிராகனை அவர் இன்னும் பார்க்கக்கூட இல்லை; கையில் வாள் உயரவில்லை; பாராட்ட ஒருவரும் அருகில் இல்லை. நாலு பேர் முன்னால் பேசத் தயங்கும் ஒரு பிள்ளைக்கு, எழுந்து நிற்பதற்கு முந்தைய அந்த ஒரு கணம் எவ்வளவு கடினமானது என்பது நன்றாகத் தெரியும். அந்தக் கணத்தையே வீரம் என்று ஒரு பெரிய எழுத்தாளர் சொல்லியிருப்பதை அவன் தானாகவே கண்டுகொள்வான்.

டிராகனைக் கொல்பவரும் பில்போ அல்லர். அதன் இடது மார்பில் கவசமில்லாத ஓர் இடம் இருப்பதை அவர் பார்த்து வந்து சொல்ல, அதை ஒரு பறவை கேட்டுப்போய்ச் சொல்ல, ஏரி நகரத்து வில்லாளன் பார்ட் அங்கே அம்பு எய்கிறான். அதே சமயம், அந்த நகரம் எரிந்ததற்கும் பில்போவின் வாயே ஒரு காரணம். டிராகனோடு பேசும்போது, தாம் பீப்பாய்களின் மேல் ஆற்றில் வந்ததைப் பெருமையாகப் புதிர் போட்டுச் சொல்லிவிடுகிறார். அதை வைத்து இவர்களுக்கு உதவியது ஏரி நகரம்தான் என்று கணித்த டிராகன், நேரே அந்த ஊரின் மேல் பாய்கிறது. ஏன் அதைச் சொன்னேன் என்று பில்போ முன்பே வருந்தியிருக்கிறார். ஆனால் சொன்னது சொன்னதுதான். சிறுவர் கதையில் இவ்வளவு நேர்மை அரிது.

வீடிழந்த அந்த மக்கள் நஷ்டஈடு கேட்டு மலையின் வாசலுக்கு வரும்போது, குள்ளர்களின் தலைவன் தோரின் ஒரு காசு தர மறுத்து, போருக்குத் தயாராகிறான். 'மலையின் இதயம்' என்று அவன் உயிராக மதிக்கும் மணிக்கல்லைப் பில்போ ஏற்கெனவே எடுத்து மறைத்து வைத்திருக்கிறார். அதைத் தம் பங்காக வைத்துக்கொண்டு செல்வராக வீடு திரும்பியிருக்கலாம். மாறாக, இரவில் கயிற்றில் இறங்கிப்போய், சமாதானம் பேச உதவும் என்று அதை எதிரணியிடம் கொடுத்துவிடுகிறார். இங்கேயே எங்களோடு தங்கிவிடு, உனக்கு ஆபத்து என்று அந்த அணியில் இருந்த, எல்ஃப் என்ற வனவாசி இனத்தின் அரசன் சொல்லியும், விடிந்ததும் தமக்கு என்ன நேரும் என்று அறிந்தே, தம்மை நம்பிய நண்பர்களிடம் மலைக்குள் திரும்பிச் செல்கிறார். தோழனுக்கு உண்மையாக இருப்பதும், தோழன் தவறு செய்யும்போது அதற்குத் துணைபோகாமல் இருப்பதும் ஒரே மனிதரால் ஒரே இரவில் முடியும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு சாகச நாவலை நான் படித்ததில்லை. பின்னர் மூளும் பெரும்போரில் பில்போ தலையில் கல் பட்டு மயங்கிக் கிடக்கிறார். கண் விழிக்கும்போது போர் முடிந்திருக்கிறது. தோரின் சாகும் தறுவாயில் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இனி உங்கள் மாமனாருக்கு. தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் அவன் படிக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டிராகன் கதை பயனற்றது என்பதை நான் ஏற்கவில்லை. இதை எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியர். அதற்கு முன் முதல் உலகப்போரில் 1916-ல் பிரான்ஸின் சோம் போர்முனையில் பதுங்குகுழிகளில் இருந்தவர். 1918-க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர அனைவரையும் இழந்தவர். போர் என்றால் என்ன என்று அறிந்த ஒருவர் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை இது. வேதாளம் கேட்ட கேள்விக்கு விக்கிரமாதித்தன் என்ன சொன்னான் என்று கேட்டு வளர்ந்த நம் முந்தைய தலைமுறையினர் வேதாளத்தை நம்பிக் கெட்டுப்போகவில்லை. எது நியாயம் என்று யோசிக்கத்தான் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நினைவோடு ஐந்தாம் அத்தியாயத்தை உங்கள் மாமனாரையே பேரனோடு உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். இருண்ட குகையில் கோல்லம் என்ற பிறவியோடு பில்போ விடுகதைப் போட்டி போடுகிறார். தோற்றால் உயிர் போகும். பல், காற்று, முட்டை, மீன் என்று விடைகள் எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்தவை. அந்த அத்தியாயத்தின் உச்சம் 1937-ன் முதல் பதிப்பில் கிடையாது. அதில் கோல்லம் தோல்வியை ஒப்புக்கொண்டு வழிகாட்டி அனுப்பிவிடுகிறது. டோல்கீன் திருத்தி எழுதிய 1951-ம் ஆண்டுப் பதிப்பில்தான், குகையில் கண்டெடுத்த மாய மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ, வழியை மறித்திருக்கும் கோல்லத்தை வாளால் குத்திவிட்டுத் தப்பலாம் என்று நினைத்து, அதன் ஒளியற்ற, தனிமையான வாழ்க்கையை எண்ணி இரக்கம் கொண்டு, அதன் தலைக்கு மேல் தாவிப் போகிறார். இன்று கடைகளில் கிடைப்பவை அந்தத் திருத்தத்தோடு கூடியவை.

படத்தைப் பற்றி உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்: இந்தச் சிறிய நாவலை 2012 முதல் 2014 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று படங்களாக நீட்டினார்கள். முதல் படத்தின் இறுதியில் தோரினைக் காப்பாற்றப் பில்போ பாய்ந்து எதிரியைக் குத்திக் கொல்கிறார். நாவலில் அந்தக் கட்டத்தில், கழுகு தூக்கிச் செல்லும் ஒரு குள்ளரின் கால்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உயிர் பிழைக்கிறார். நாவலிலும் பிற்பாடு காட்டுக்குள் ராட்சதச் சிலந்திகளோடு அவர் போரிடுகிறார்; ஆனால் மதிப்புக்குரியவராவதற்கு ஒருவரைக் கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. படத்தை முதலில் பார்த்த பிள்ளை சுரங்கப்பாதையில் அந்த நடையைக் கவனிக்காமல் போய்விடும். புத்தகம் முடிந்த பிறகு படம் பார்க்கட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கதையில் பேசிச் செயல்படும் பெண் ஒருவர்கூட இல்லை. இது பெரிய குறை, உங்களுக்கு மகளும் இருந்தால் அவள் அதைக் கேட்பாள், கேட்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் 13 பெயர்கள் குவிவதில் பிள்ளைகள் குழம்பும்; தோரின் நினைவில் நின்றால் அப்போதைக்குப் போதும். நடுவில் வரும் பாடல்களில் சிலவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

ஆங்கிலத்தில் அவனைத் தனியே படிக்கவிடாதீர்கள். நீங்கள் பகலில் ஓர் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டு, இரவில் உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். 19 அத்தியாயங்கள்தான், மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிடும். டோல்கீனும் முதலில் இதைத் தம் மகன்களுக்கு வாயால்தான் சொன்னார். போன முறை கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்களே என்று இளைய மகன் கிறிஸ்டோபர் குறுக்கிட, அவர் எழுந்துபோய் மேசையில் குறித்துக்கொண்டாராம். உங்கள் மகனும் குறுக்கிடட்டும். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின்கூட, கைப்பிரதியைத் தம் 10 வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலிக்கு மதிப்புரை எழுத வைத்த பிறகே நூலை அச்சிட்டார். ஐந்து முதல் ஒன்பது வயதினருக்கு ஏற்றது என்று அந்தச் சிறுவன் எழுதினான். சிலந்திகளையும் மரணங்களையும் நினைத்தால் ஐந்து வயது மிகவும் சீக்கிரம் என்பது என் கருத்து. உங்கள் மகனின் வயது சரியான வயது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நீயும் பில்போவைப் போலத்தான் என்று அவனிடம் சொல்லாதீர்கள். அவன் உயரத்துக்கு எழுதித் தந்த மருந்தாக இந்தப் புத்தகம் அவன் கைக்குப் போனால் அவன் அதைத் திறக்கவே மாட்டான். நல்ல கதை என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். வாங்கும்போது டோல்கீனே வரைந்த வரைபடங்கள் உள்ள பதிப்பா என்று புரட்டிப் பாருங்கள். பயணம் எங்கே போகிறது என்று பிள்ளைகள் விரல் வைத்துத் தேடுவார்கள். இதை முடித்துவிட்டு, 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வேண்டும் என்று அவன் கேட்டால், பதின்மூன்று வயது வரை பொறுக்கச் சொல்லுங்கள். அது வளர்ந்தவர்களுக்கு எழுதப்பட்டது, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீள்வது. அதற்குள் 'தி ஹாபிட்' நாவலை அவனே இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.