ஆப்பிரிக்க மூலிகைகளும் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்: கேள்வி பதில்

கே: சார், ரூய்போஸ் டீயில் பச்சை, சிவப்பு என்று இரண்டு வகை விற்கிறார்கள். எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்?

பச்சையில். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். ரூய்போஸ் எனக்குப் பிடித்த செடி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதிதான் இதற்குச் சொந்த ஊர். ஊசி ஊசியாக இலை இருந்தாலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுத்த தளிரைப் பொடியாக நறுக்கி, நசுக்கி, தண்ணீர் தெளித்து, திறந்த முற்றத்தில் ராத்திரி முழுக்கக் குவித்து வைப்பார்கள். நறுக்கி வைத்த கத்திரிக்காய் கறுக்குமே, அதே வேலைதான் அந்தக் குவியலுக்குள் நடக்கும். பச்சை சிவக்கும், தேன் வாசம் எழும். விடிந்ததும் வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். இந்தச் செடிக்கே உரிய ஆஸ்பலத்தின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டில் பெரும்பகுதி அந்த ஒரே இரவில் ஆக்சிஜனேறிப் போய்விடும். பச்சை ரகத்தைக் குவிக்காமல் உடனே காயவைப்பதால் அது தங்குகிறது. ருசி வேண்டுமானால் சிவப்பு வாங்குங்கள். காஃபீன் இரண்டிலும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த அறிவு தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளான கொய், சான் மக்களுடையது. விளைச்சல் விலையில் 1.5 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்று 2019-இல்தான் ஒப்பந்தம் ஆனது. எவ்வளவு தாமதம்!

கே: எனக்குச் சுகர் இருக்கிறது. ரூய்போஸ் எத்தனை கப் குடிக்கலாம்?

மருந்தாக நினைத்து அளவு கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாக்கெட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: பாவோபாப் பழப்பொடி நல்லதா?

நம்மூரில் பப்பரப்புளி, ஆனைப்புளி என்பார்கள். மன்னாரில் பெருக்க மரம். காயை உடைத்தால் விதையைச் சுற்றி உலர்ந்த வெள்ளை மாவு இருக்கும். நல்ல புளிப்பு, வைட்டமின் சி நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் உணவாக அனுமதித்தது. உணவாகவே சாப்பிடுங்கள்.

கே: ஓராக் எண் எந்த மூலிகைக்கு அதிகமோ அதைத்தானே வாங்க வேண்டும்?

வேண்டாம். ஓராக் என்பது ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்து சொல்லும் எண். அமெரிக்க வேளாண் துறையே தன் ஓராக் பட்டியலை 2012-இல் எடுத்துவிட்டது. அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்பதுதான் காரணம்.

கே: அது எப்படி சார்? சோதனைக் குழாயில் வேலை செய்வது உடம்பில் மட்டும் ஏன் செய்யாது? ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் பொய்யா?

பொய் இல்லை. அவை என்ன அளக்கின்றன என்று பாருங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை அளக்கும் டி.பி.பி.எச். சோதனையை நானே நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறேன். மெத்தனாலில் கரைத்த கரு ஊதா நிறக் கரைசல். இலைச்சாறு சில துளி விட்டால் கண்ணெதிரே வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டரில் அளப்போம். குழாயில் நடப்பது அவ்வளவுதான். அங்கே குடல் இல்லை, கல்லீரல் இல்லை. குடித்த ஆஸ்பலத்தினில் ஒரு சதவீதம்கூடச் சிறுநீரில் வருவதில்லை. ரத்தத்தில் சேர்வது அவ்வளவு சொற்பம்.

கே: (அதே வாசகர்) சொற்பமானாலும் நன்மைதானே? ஆன்டிஆக்ஸிடன்ட் கெடுதல் செய்யாதே?

செய்திருக்கிறது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

குழாய் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு என்ற கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலு மொழியில் இன்கோம்ஃபே. அதிலுள்ள ஹைபாக்ஸோசைடு என்ற பொருள் குடலில் ரூபெரால் ஆக மாறும். அது வீரியமான ஆன்டிஆக்ஸிடன்ட். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இந்தக் கிழங்கு தடுப்பதாகக் குழாய்ச் சோதனை காட்டியது. எச்.ஐ.வி. மருந்தோடு மோதுமோ என்று பயந்தார்கள். தன்னார்வலர்களுக்கு லோபினவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு கொடுத்துப் பார்த்தபோது மருந்தின் அளவு மாறவில்லை. மனிதரிடம் பார்த்தால்தான் தெரியும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதற்காக அந்தக் கிழங்கை மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் சுகாதார அமைச்சரே எச்.ஐ.வி.க்குப் பூண்டு, பீட்ரூட், இந்தக் கிழங்கு என்று பேசிய காலம் உண்டு. 2000 முதல் 2005 வரை அரசு மருந்து கொடுக்கத் தாமதித்ததில் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

கே: சுகருக்குப் பச்சை ரூய்போஸ் எவ்வளவு...

மேலே சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கே: முருங்கை ஆப்பிரிக்க மூலிகையா?

நம் முருங்கை வட இந்தியாவிலிருந்து போனது. எத்தியோப்பியாவில் கோன்சோ மக்கள் கீரையாகச் சமைப்பது வேறு இனம், அது அந்த மண்ணுக்கே உரியது.

கே: மனிதரிடம் சோதித்துப் பலன் தெரிந்த ஒன்றையாவது சொல்லுங்களேன்.

செனகலில் பிஸ்ஸாப், நைஜீரியாவில் சோபோ, எகிப்தில் கர்கதே. எல்லாம் ஒரே செம்பருத்தி இனம், நம் புளிச்சகீரைக்குச் சொந்தம். பூவின் அடியிலிருக்கும் சதைப்பற்றான சிவப்புப் புல்லியைக் காயவைத்து ஊறப்போட்டால் ரத்தச் சிவப்பாகச் சாறு இறங்கும். ஆந்தோசயனின் தரும் நிறம் அது. ரத்த அழுத்தம் ஓரளவு குறைவதை மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கிவிடலாம்.