மாத்திரை சாப்பிடும்போது காணாக்கடி வந்தா எதை சந்தேகப்படறது?

கேள்வி: டாக்டர், என் மனைவிக்கு 32 வயசு. பல்லுல சீழ்னு அமாக்ஸிசிலினும் (ஆன்டிபயாடிக்) ஐபுப்ரோஃபெனும் (வலி மாத்திரை) குடுத்தாங்க. மூணாவது நாள் ராத்திரி உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா ஒரே அரிப்பு. காலையில மறைஞ்சுடுச்சு, சாயங்காலம் வேற இடத்துல வந்துச்சு. எந்த மாத்திரை ஒத்துக்கல?

பதில்: தம்பி, உதடு நாக்கு வீங்குதா, மூச்சு இழுக்குதா, குரல் மாறுதா, மயக்கம் வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் மீதியை படிக்காதீங்க, 108-ஐ கூப்பிட்டு உடனே கிளம்புங்க, அங்க தொடையில அட்ரினலின் ஊசி போடணும், அரிப்புக்கு போடற அவில் ஊசி மட்டும் பத்தாது. வாயில புண்ணு, கண்ணு சிவப்பு, தோல் உரியறதுன்னு இருந்தாலும் அப்படித்தான், அது காணாக்கடியே இல்ல.

அதெல்லாம் இல்லைன்னா ஒரு தடிப்பை சுத்தி பால்பாயிண்ட் பேனாவால வட்டம் போடுங்க. 24 மணி நேரத்துக்குள்ள தழும்பில்லாம மறைஞ்சா காணாக்கடிதான். அதே இடத்துல நின்னு வலிச்சு, கன்னிப்போன மாதிரி கறை விட்டா ரத்தக்குழாய் அழற்சியான்னு தோல் டாக்டர் பாக்கணும். போட்டோவும் எடுத்துக்கோங்க, கிளினிக் போற நேரத்துக்கு பாத்து ஒண்ணுமே இருக்காது.

இப்ப எது காரணம்? எல்லாரும் அமாக்ஸிசிலின் மேலதான் பழி போடுவாங்க, ஆனா ஐபுப்ரோஃபென் அலர்ஜியே இல்லாமலும் காணாக்கடியை கிளப்பும், உடம்புல இருக்கிற இன்ஃபெக்ஷனே கூட கிளப்பும். அதனால எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தடிப்பு எத்தனை மணிக்குன்னு எழுதுங்க, மெடிக்கல்ல கேட்டு வாங்கின வலி மாத்திரையையும் விடாம. முன்னாடி இதே வகை வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போட்டப்போ இப்படி வந்திருக்கான்னும் கேளுங்க, வந்திருந்தா என் சந்தேகம் ஐபுப்ரோஃபென் மேலதான்.

அடுத்த வேளை ரெண்டையும் போடாம இன்னைக்கே பல் டாக்டர்கிட்ட பேசுங்க, சீழை அப்படியே விடக்கூடாது, வேற ஆன்டிபயாடிக் மாத்துவார். அரிப்புக்கு செட்ரிசின் 10 மி.கி. ராத்திரி ஒண்ணு, வலிக்கு பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கும். கர்ப்பமா இருந்தாலோ பால் குடுத்தாலோ அவர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

லேப்ல பெரிய அலர்ஜி பேனல்னு ஆயிரக்கணக்குல செலவு பண்ணாதீங்க, தூசி, சாப்பாடு பாக்கற டெஸ்ட் அது, இந்த கேள்விக்கு பதில் சொல்லாது. 4-6 வாரம் கழிச்சு அலர்ஜி டாக்டர்கிட்ட பென்சிலினுக்கு (அமாக்ஸிசிலின் அந்த வகைதான்) தோல் டெஸ்ட் பண்ணலாம், அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட்ரிசினை நிறுத்திடணும். ஐபுப்ரோஃபெனுக்கு ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துத்தான் பாக்கணும், வீட்டுல சோதிச்சு பாக்கவே கூடாது. பென்சிலின் அலர்ஜின்னு சொல்றவங்கள்ல 10-ல 9 பேருக்கு டெஸ்ட் பண்ணா ஒண்ணும் இருக்காது, அதனால இப்போதைக்கு ஃபைல்ல "சந்தேகம்"னு மட்டும் எழுதி, ரெண்டு மாத்திரை பேரையும் தேதியோட போட்டு வைங்க.