ரூபாய்க்குள் ஒரு பாய்

வணக்கம் ஐயா,

என் மகள் ஏழாம் ஆண்டில் படிக்கிறாள். 'நீ விரும்பும் ஒரு நாணயத்தாளை வடிவமைத்து வா' என்று பாடசாலையில் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள். யாருடைய முகத்தைக் கீறுவது என்று என்னிடம் கேட்டாள். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியன், ஆறுமுக நாவலர், சேர் பொன். இராமநாதன், தந்தை செல்வா என்று அடுக்கினேன். "அப்ப ஏனப்பா இவையளிலை ஒருத்தரும் உண்மையான காசிலை இல்லை?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மொரீசியசின் 100 ரூபாய்த் தாளில்கூட ஒரு தமிழரின் முகம் இருக்கிறது. நமக்கோ இலங்கைக் காசின் மூலையில் சும்மா கிடக்கும் நாலு தமிழ் எழுத்து மட்டும்தான். நீங்கள் சொல்லுங்கள், யாரைக் கீறலாம்?

ம., கொக்குவில்

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் அப்பாவின் அம்மா, அப்பாச்சியின் கொட்டைப்பெட்டி கிடந்தது. போன கிழமை பெட்டகத்தைத் துப்புரவாக்கியபோது அகப்பட்டது. பனங்குருத்தோலையில் பின்னியது, உள்ளங்கையில் அடங்கும். வெற்றிலைச் சாறு ஊறி ஓலை கறுத்துப்போயிருக்கிறது. உள்ளே ஒரு சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த ஒரு இரண்டு சதம், நாலாக மடித்த இரண்டு ரூபாய்த் தாள் ஒன்று. அன்றிலிருந்து காசைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

நீங்கள் அடுக்கிய பெயர்களை முதலில் பார்த்துவிடுவோம். சங்கிலியனின் முகம் யாருக்கும் தெரியாது. நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலையாக நிற்பது ஒரு சிற்பியின் கற்பனை. அது நல்ல கற்பனைதான், ஆனால் அதைப் பார்த்துக் கீறினால் சிற்பியைத்தான் பிரதி பண்ணுகிறோம். இராமநாதனுக்குத் தபால் முத்திரை வெளியிட்டார்கள், அது போதும். தந்தை செல்வாவின் முகத்தைக் காசில் அச்சடிக்கும் மனது இந்த நாட்டுக்கு இருந்திருந்தால் அவருடைய வாழ்வே வேறொன்றாக இருந்திருக்கும். நாவலரைப் பற்றிக் கொஞ்சம் பொறுங்கள், அப்பாச்சியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

என்னைக் குத்தியது அந்தப் பெயர்கள் இல்லை. 'மூலையில் சும்மா கிடக்கும் நாலு தமிழ் எழுத்து' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். தம்பி, அந்த எழுத்து அங்கே சும்மா கிடக்கவில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளையின் தகப்பன் இப்படி எழுதலாமா? அந்த வரியை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாச்சி பாய் பின்னுபவர். பாயும் பெட்டியும் கடகமும் பின்னிச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோவார். பள்ளிக்கூடப் படி மிதித்ததில்லை. மிதிக்க விடவில்லை என்று சொல்வதே சரி. 1930ஐ ஒட்டிய வருடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்க வேண்டும் என்று வந்தபோது, இந்த யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். அப்பாச்சியின் பள்ளிக்கூட வயது அதற்கும் பத்துப் பதினைந்து வருடம் முந்தியது. நாவலரின் உரைநடையை நான் கும்பிடுகிறேன், அதிலிருந்துதான் நானும் எழுதப் பழகினேன். ஆனால் அவர் வழியில் எழுந்த சைவப் பள்ளிக்கூடங்களின் வாசல் அப்பாச்சி போன்றவர்களுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை. அதனால் நாவலரின் முகத்தைக் காசில் பார்த்தால் எனக்கு ஒரு கண்ணில் பெருமையும் மறு கண்ணில் அப்பாச்சியும்தான் வரும்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். பின்னேரம், திண்ணையில் அப்பாச்சி பாய் பின்னிக்கொண்டிருந்தார். சந்தையில் வாங்கிவந்த காசை என்னிடம் தந்து எண்ணச் சொன்னார். குற்றிகளை அவருக்கு விரலாலேயே தெரியும்: சதுரம் ஐந்து சதம், நெளிவு இரண்டு சதம். தாளை நிறத்தால் தெரியும். நான் எண்ணாமல், வாசிக்கத் தெரிந்த புழுகத்தில் எழுத்துக் கூட்டினேன். "இ-ர-ண்-டு... ரூ-பா-ய்."

அப்பாச்சியின் கை நின்றுவிட்டது. "மறுக்காச் சொல்லு ராசா."

"ரூ-பா-ய்."

"பாயோ? எங்கடை பாயோ?"

ஓம் என்றேன். எந்த எழுத்து என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வரியமாய்க் காசுக்குள்ளை என்ரை பாய் கிடந்திருக்கு. ஒருத்தரும் சொல்லேல்லையே!"

பிறகு 'பா' எங்கிருந்தாலும் அவர் கண்ணில் பட்டது. சங்கக்கடைப் பலகையில் பிடித்தார். பஸ்ஸின் நெற்றியில் 'யாழ்ப்பாணம்' என்று இருந்ததில் பிடித்து, சந்திக்கு வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, "யாழ்ப்பாணத்துக்குள்ளையும் பா இருக்கடா!" என்று கத்தினார். ஒரு பத்துப் பன்னிரண்டு எழுத்து அப்படிப் படித்தார். அதற்கு மேல் போகவில்லை. கடைசிவரை கைநாட்டுத்தான் வைத்தார். கதையை வடிவாக முடிப்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அறுபது வயதுக்கு மேல் ஒரு மனுசிக்கு அந்தப் பத்து எழுத்தைக் கொடுத்த பள்ளிக்கூடம் எது? நீங்கள் சொல்லும் அந்த மூலைதான்.

அந்தத் தாளில் ஒரு முகமும் இருந்தது. 1965 இலிருந்து வந்த தாள்கள் அவை. பொலன்னறுவைப் பொத்குல் விகாரைக்குப் பக்கத்தில் பாறையில் செதுக்கிய சிலையின் படம். பராக்கிரமபாகு என்று போட்டார்கள். அரசனா முனிவனா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. கபிலர் என்பாரும் உண்டு, அகத்தியர் என்பாரும் உண்டு. கையில் இருப்பதை ஏடு என்கிறார்கள் சிலர், அரசாட்சியின் நுகம் என்கிறார்கள் வேறு சிலர். அப்பாச்சிக்கு அதில் சந்தேகமே இல்லை. "அவற்றை கையிலையும் ஓலை, என்ரை கையிலையும் ஓலை. அவர் படிக்கிறார், நான் பின்னுறன்." யார் அவர் என்று நான் கேட்டேன். "ஆரோ ஒரு ஐயா" என்றார்.

முகத்தின் கதி இவ்வளவுதான், தம்பி. மத்திய வங்கி 1951 இல் தன் முதல் தாள்களை வெளியிட்டபோது அதில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர். அடுத்த வருடம் அவர் இறந்தார், மகள் எலிசபெத் வந்தார். பிறகு முகத்தை எடுத்துவிட்டு அரச இலச்சினை போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் முன்னாள் பிரதமர் பண்டாரநாயக்க வந்தார், பிறகு பொலன்னறுவைச் சிலை. 1979 இல் மனிதர்களையே தள்ளிவிட்டுப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும். இத்தனை மாற்றத்திலும் தமிழ் எழுத்து போகவில்லை. 1956 இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமரின் முகம் இருந்த அதே தாளில் 'ரூபாய்' என்று தமிழில் இருந்தது. அதற்கும் முன்னால், பிரித்தானியர் காலத்துச் சதக்குற்றியில் நடுவில் நிற்கும் மரத்துக்கு ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987 இல். இடைப்பட்ட முப்பத்தொரு வருடமும் அரச கந்தோரிலிருந்து எங்களுக்குப் புரியாத மொழியில் கடிதம் வந்தது. சம்பளத் தாளில் மட்டும் தமிழ் இருந்தது. இதையா சும்மா என்கிறீர்கள்?

இன்னும் பின்னால் போவோம். நண்பர் வீட்டில் ஒரு சேது காசைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். கையும் காலும் வெறும் கோடுகள், முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே இரண்டே எழுத்து: சேது. பெயர்போன நல்லூர் அரசர்கள் தங்கள் முகத்தைப் போடவில்லை, பெயரையும் போடவில்லை. தாங்கள் காத்து நின்ற கரையின் பெயரைப் போட்டார்கள். சேதுகாவலர் என்பதுதான் அவர்களுடைய விருதுப்பெயர். அந்த இரண்டு எழுத்து இல்லாவிட்டால் அந்தக் காசு யாருடையது என்று உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அவற்றை எங்கள் அரசர்களின் காசு என்று எடுத்து எழுதியதும் அந்த எழுத்தின் பலத்தில்தான்.

அந்த நிற்கும் உருவத்தின் மூலம் இராசராச சோழனின் ஈழத்துக் காசு. ஒரு பக்கம் நிற்பவர், மறுபக்கம் அமர்ந்திருப்பவர், அருகில் நாகரி எழுத்தில் அவன் பெயர். சோழர் போன பிறகு பொலன்னறுவையில் ஆண்ட சிங்கள அரசர்களும் அதே அச்சைத்தான் வைத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகுவின் காசிலும் அதே ஆள். நிசங்கமல்லனின் காசிலும் அதே ஆள். லீலாவதி ஒரு அரசி, அவள் காசிலும் அதே ஆள்! இந்தக் காசுகளைக் கலந்து மேசையில் கொட்டிவிட்டு, முகத்தைப் பார்த்துப் பிரியுங்கள் என்றால் உங்களால் முடியாது. சோழனும் சிங்கள அரசனும் பெண்ணும் ஆணும் ஒரே கோட்டுருவம். எழுத்தைப் பார்த்தால்தான் பிரியும். 1965 இல் பராக்கிரமபாகுவுக்கு முகம் தேடி ஒரு பாறைச் சிலையிடம் போனார்களே, அவன் தன் காசில் நம்பியது தன் பெயரின் எழுத்தை மட்டும்தான்.

(சிங்களவர் நாணயக்குற்றியைக் 'காசி' என்கிறார்கள், பணத்தைச் 'சல்லி' என்கிறார்கள். இரண்டும் தமிழிலிருந்து போனவை. இதை மகளுக்குச் சொல்லுங்கள், சந்தோசப்படுவாள்.)

மொரீசியசுக்கு வருவோம், அதை இழுத்தது நீங்கள். 100 ரூபாயில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், சட்டத்தரணி, கல்வி அமைச்சராக இருந்தவர். அந்த வரிசைத் தாள்கள் 1998 இல் வந்தன. அவர் முகம் வந்த அதே வெளியீட்டில், அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்ததாக இருந்த தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். அங்குள்ள தமிழர் என்ன செய்தார்கள்? 'எங்கள் ஆளின் முகம் இருக்கிறதே, போதும்' என்று வீட்டில் இருக்கவில்லை. தெருவுக்கு வந்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் வைத்து 1999 இல் மறுபடி அச்சடித்தது. அந்த மக்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழை வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர், ஒரு வரி கீழே இறங்கியதற்காக நின்று போராடினார்கள். நீங்கள் அந்தத் தாளில் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வாசிக்கத் தெரிந்த நீங்கள்!

முகம் வந்த இன்னொரு தாளும் நம்மிடம் உண்டு. 2009 நவம்பரில், போர் முடிந்து ஆறு மாதத்தில், அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் படத்தோடு 1000 ரூபாய்த் தாள் வந்தது. பின்பக்கம் கொடி ஏற்றும் படையினர். என் தங்கை குடும்பம் அப்போது வவுனியா முகாமில் இருந்தது. அவர்களுக்குக் கொடுக்க எடுத்த காசில் அந்தத் தாள் ஒன்று இருந்தது. படம் உள்ளே போகும்படி மடித்தேன். மடித்தபோது பின்பக்கம் வெளியே வந்தது. மறுபடி மடித்தேன். ஒரு தாளை இரண்டு பக்கமும் மறைத்து மடிக்க முடியாது. அன்றைக்கு விளங்கியது எனக்கு, காசில் முகம் வைப்பது என்றால் என்ன என்று. யாரோ ஒருவர் வீட்டில் அந்த முகத்தை உள்ளே மடிப்பார்கள். நம்முடைய முகத்தை வைத்தாலும் மடிப்பார்கள். 'பத்து' என்ற சொல்லை யாரும் மடித்து நான் பார்த்ததில்லை.

மகளின் ஒப்படையை மறந்தேபோனேன். கொடுக்க வேண்டிய நாள் போயிருக்கவும் கூடும், மன்னியுங்கள். போகவில்லையென்றால் அவளுக்குப் பிடித்ததைக் கீறட்டும். பனையோ, ஆட்டுக்குட்டியோ, அவளுடைய அம்மம்மாவோ, அவள் இட்டம். ஆனால் எழுத்தைக் கணினியில் அச்செடுத்து ஒட்ட விடாதீர்கள். அவளே கையால் எழுதட்டும், மூலையில் இல்லாமல் நடுவில், பெரிதாக. 'ரூ' அந்தச் சொல்லில் கடினமான எழுத்து, ஒற்றைத்தாளில் நாலைந்து தரம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 'பாய்' அவளுக்கு வரும்.

முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.