அந்தி நேரத்து அழுகை

கேள்வி: எனக்கு முதல் பிள்ளை, மகன். ஐந்து வாரமாகிறது. பகலில் நன்றாகக் குடிக்கிறான், தூங்குகிறான். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, பத்து மணி வரை முகம் சிவக்க, காலை மடக்கி வீறிட்டு அழுகிறான். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மாமி, "பால் காணாது, பால்மா கரைத்துக் கொடு" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வோட்டர் தந்திருக்கிறார். தொடர்மாடியில் இருப்பதால் எல்லோருக்கும் கேட்குமே என்று எனக்கும் அழுகை வருகிறது. என்ன செய்யலாம், டொக்டர்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் பால் கதையைப் பார்ப்போம். உங்களைக் கூடுதலாக வாட்டுவது அதுதான் போலிருக்கிறது. அழுகையை வைத்துப் பாலை அளக்க முடியாது. நாப்பியும் தராசும்தான் அதைச் சொல்லும். ஒரு நாளில் ஆறு முறையாவது நாப்பி நன்றாக நனைகிறதா? சிறுநீர் வெளிர் நிறமாக இருக்கிறதா? இந்த வயதில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை ஏறுவது வழக்கம். கிளினிக்கில் தந்த பதிவேட்டை எடுத்து, எடைப் புள்ளிகள் கோட்டோடு மேலே போகின்றனவா என்று பாருங்கள். போகின்றன என்றால் உங்கள் பால் போதும். அடுத்த முறை எடை பார்க்கப் போகும்போது மாமியையும் கூட்டிப் போங்கள், தராசை அவரும் பார்க்கட்டும்.

பின்னேரத்தில் மார்பு தளர்ந்திருப்பதோ, பிள்ளை அரை மணிக்கொரு தடவை பால் கேட்பதோ பால் வற்றியதற்கு அடையாளமல்ல. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். அந்த நேரத்தில் பால்மாவைப் புகுத்தினால் அவன் மார்பில் உறிஞ்சுவது குறையும், ஊறுவதும் குறையும். ஒரு மாதத்தில் மாமி சொன்னது உண்மையாகிவிடும்!

அப்படியானால் ஏன் அழுகிறான்? பச்சிளம் பிள்ளைகளின் அழுகை இரண்டாம் வாரமளவில் கூடத் தொடங்கி, ஐந்தாறு வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். உங்கள் மகன் இப்போது அந்த உச்சியில் நிற்கிறான். அழுகை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் போனால் கோலிக் என்கிறோம். 1954இல் வெசல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த கணக்கு அது. காரணம் இன்னதென்று மருத்துவம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. காலை மடக்குவதால் வயிற்றில் காற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எதற்காக அழுதாலும் பிள்ளைகள் காலை மடக்கத்தான் செய்வார்கள்.

அழத் தொடங்கியதும் பாலைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் தோளில் போட்டு ஏவறை எடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் தொப்பி, காலுறை, கையுறை, மேலே ஒரு துவாய் என்று பொதிந்து வைத்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். கழற்றும்போது கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தாயின் உதிர்ந்த தலைமயிர் ஒன்று விரலைச் சுற்றி இறுக்கி, விரல் சிவந்து வீங்கி, அதனாலேயே ஓயாமல் அழும் பிள்ளைகள் உண்டு.

எல்லாம் சரி, இன்னும் அழுகிறான் என்றால் தூக்கிக்கொண்டு நடங்கள். "கைச்சூடு பழகிவிடும்" என்பார்கள், இந்த வயதில் அந்தப் பயம் தேவையில்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022இல் சொன்ன முறை எனக்குப் பிடித்தது: நெஞ்சோடு அணைத்து, நிற்காமல் ஐந்து நிமிடம் ஒரே சீராக நடக்க வேண்டும். தூங்கிவிட்டால் உடனே கிடத்தாமல், வைத்தபடியே ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிடத்த வேண்டும். மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், தலையணை வேண்டாம். ஏணையில் போட்டு ஆட்டினால் பக்கத்திலேயே இருந்து, தாடை நெஞ்சில் குத்தி மடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கியதும் தட்டையான மெத்தைக்கு மாற்றிவிடுங்கள். காலி வீதி நெரிசலில் களைத்து வரும் கணவரும் சட்டையை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கலாம். பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவராலும் முடியும்.

கிரைப் வோட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வசம்பு, ஓமத் தண்ணீர், சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. நாவூறு கழிப்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் செத்தல் மிளகாயை வீட்டுக்குள் எரிக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது.

இன்னொன்று. உங்களுக்கு ஆத்திரம் மேலிட்டால் பிள்ளையை மல்லாக்கப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் இருங்கள். அழட்டும், ஒன்றும் ஆகாது. உலுக்கினால்தான் ஆபத்து, ஒரு முறை பலமாக உலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியலாம். பக்கத்து வீட்டார் கேட்டால் கேட்கட்டும், அவர்களும் பிள்ளை வளர்த்தவர்கள்தானே. பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் போனால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைத்தும் பேசலாம்.

உடல் வெப்பம் 38 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ தொட்டால், பால் குடிக்க மறுத்தால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், உச்சிக்குழி புடைத்தால், அரையிலோ விதைப்பையிலோ வீக்கம் கண்டால், துவண்டு போனால், அல்லது அழுகைச் சத்தமே வழக்கத்துக்கு மாறாகக் கீச்சென்றோ முனகலாகவோ இருந்தால் அது கோலிக் அல்ல. பரசிட்டமோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அந்த இரவே கொண்டு போங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990ஐ அழையுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.